கப்பல் ஆடவில்லையா? முதலில் சாவியைக் கீழே வையுங்கள்

கண்ணாடி மூடிக்குள் ஒரு பாறை. பாறை உச்சியில் இடிந்த கோட்டை, கோட்டைச் சுவரில் உள்ளங்கைக்குள் அடங்கும் டயல், கீழே வர்ணம் பூசிய துணியில் கடல், கடலில் ஒரு பாய்மரக் கப்பல். பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுத்தால் அடிப்பெட்டிக்குள் பாட்டு ஆரம்பிக்கும், கப்பல் மூக்கைத் தூக்கித் தாழ்த்தி ஆடும், காற்றாலை சுற்றும், சிலவற்றில் பாலத்தின் மேல் ரயில்கூட ஓடும். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சு வீடுகளில் கணப்படுப்புக்கு மேலே இருக்கும் மேடையில் வைத்த, பொம்மை ஆடும் கடிகாரம் இது. பாரிஸில் இருப்பவர்கள் செந்துவான் பழஞ்சந்தையிலோ ஊர்த்தெருவில் போடும் பழம்பொருள் கடைகளிலோ ஒன்றாவது பார்த்திருப்பீர்கள்.

பார்த்ததும் எல்லோரும் செய்யும் முதல் காரியம், சாவியை எடுத்துத் திருகுவது. பொம்மை ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்ற அரிப்பு. இந்தக் கடிகாரங்கள் நூற்றைம்பது வருடம் தூசியிலும் ஈரத்திலும் கிடந்து தப்பித்து வந்து, கடைசியில் அந்த அரிப்பில்தான் உடைகின்றன. நானும் ஒன்றை உடைத்திருக்கிறேன், அந்தக் கதை பிறகு.

முதலில் உங்கள் கடிகாரத்தில் பொம்மையை ஆட்டுவது எது என்று கண்டுபிடியுங்கள். வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே மூன்று வகை. முதல் வகையில் பொம்மைக்குத் தனி எந்திரமே கிடையாது, ஊசலோடு சேர்ந்து அதுவும் ஆடும். சுக்கான் பிடித்து நிற்கும் மாலுமி உடம்பை இடமும் வலமும் சாய்க்கும் கடிகாரம் ஒன்று உண்டு, கில்மே என்ற பாரிஸ்காரர் செய்தது, அது இந்த வகை. ஊஞ்சலில் ஆடும் குட்டித் தேவதைகளும் இப்படித்தான், ஊஞ்சலே ஊசல். இரண்டாம் வகையில் பொம்மைக்குத் தனி ஸ்பிரிங், தனிச் சக்கரங்கள், தனிச் சாவித்துளை. காற்றாலைகள் பெரும்பாலும் இப்படி. மூன்றாவது நம் கப்பல் வகை: அடிப்பெட்டியில் இருக்கும் இசைப்பெட்டியே கம்பியும் நெம்புகோலும் வைத்து மேலே இருக்கும் கப்பலை ஆட்டும். கயிற்றை இழுத்தால் ஆடும், சிலவற்றில் மணி அடிக்கும்போது கடிகாரமே அதைத் தட்டி எழுப்பும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சாவித்துளைகளை எண்ணுங்கள். டயலில் இரண்டு துளை இருந்தால் வழக்கமாக வலது பக்கம் நேரத்துக்கு, இடது பக்கம் மணி அடிக்க. அடிப்பெட்டியின் பக்கவாட்டிலோ அடியிலோ மூன்றாவதாக ஒன்று இருந்தால் அது பொம்மைக்கு. மூன்றாவது துளை இல்லை, கயிறும் இல்லை, ஆனால் பொம்மை மட்டும் இருக்கிறது என்றால் ஒன்று அது ஊசலோடு ஆடுவது, இல்லை வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. ஒட்டு வேலை நிறைய நடக்கிறது. அடிப்பலகையில் எதற்கும் பயன்படாத துளைகள் இருக்கின்றனவா, பொம்மையின் காலடியில் வேறு வடிவத்தில் நிறம் மங்காத தடம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாங்கும்போது டயலில் இருக்கும் பெயரை நம்பி விலை பேசாதீர்கள். அது பல நேரம் விற்ற கடைக்காரரின் பெயர். உண்மையான விவரம் பின்பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் வட்டப் பித்தளைத் தட்டில் இருக்கும். பிரெஞ்சு ஊசல் கடிகாரங்களின் எந்திரம் பெரும்பாலும் பாரிஸில் முழுதாகச் செய்ததல்ல. போகூர் ஊரில் ஜாப்பி குடும்பத்தின் ஆலையிலும், தியெப் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சேன் நிக்கோலா தலியெர்மோன் என்ற ஊரிலும் அரைகுறையாக அடித்து அனுப்புவார்கள், பாரிஸ் தொழிலாளிகள் அதைச் சீர்செய்து பெட்டியில் பொருத்துவார்கள். தட்டில் 'வின்சென்டி, வெள்ளிப் பதக்கம் 1834' என்றோ 'ஜாப்பி சகோதரர்கள் 1855' என்றோ வட்ட முத்திரை இருக்கும். விற்பவர் உடனே "1834ஆம் வருடத்துக் கடிகாரம்" என்பார். இல்லை, அது கண்காட்சியில் பதக்கம் வாங்கிய வருடம். அதே முத்திரையை அப்புறம் பல பத்தாண்டுகள் குத்திக்கொண்டே இருந்தார்கள். கடிகாரம் அதற்குப் பிந்தையது என்று மட்டும்தான் அதிலிருந்து சொல்ல முடியும்.

இன்னொரு வேடிக்கை, 'எஸ். ஜே. டே. ஜே.' (S.G.D.G.) என்ற நான்கெழுத்து. உயர்ந்த தரத்துக்கு அடையாளம் என்று ஒரு வியாபாரி எனக்கு ரொம்ப நேரம் விளக்கினார். 'அரசாங்க உத்தரவாதம் இல்லாமல்' என்பதன் சுருக்கம் அது! 1844ஆம் வருடச் சட்டப்படி காப்புரிமை கொடுத்தார்கள், ஆனால் கருவி வேலை செய்யுமா என்று அரசு சோதிக்கவில்லை, அதைப் பொருளின் மேலேயே எழுத வேண்டும் என்றார்கள். 1968 வரை இந்த வழக்கம் இருந்தது.

வயதை ஓரளவு ஊகிக்க ஊசல் எதில் தொங்குகிறது என்று பாருங்கள். பட்டு நூலில் தொங்கினால் பொதுவாகப் பழையது, 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. மெல்லிய எஃகுத் தகட்டில் தொங்கி, டயலில் 12க்கு மேலே ஒரு குட்டிச் சதுர முனை தெரிந்தால் அது ப்ரோக்கோ முறை, 1840 வாக்கில் வந்தது. அந்த முனைக்கு இரண்டு பக்கமும் ஏ, ஆர் என்று எழுத்துகள் இருக்கும். ஏ பக்கம் திருப்பினால் வேகம் கூடும், ஆர் பக்கம் குறையும். பிரெஞ்சில் முந்து, பிந்து என்ற சொற்களின் முதலெழுத்துகள் அவை. சாவியின் சின்ன முனை அதற்குத்தான்.

ஊசல் இல்லாமல் விற்கிறார்களா? பயப்பட வேண்டாம். பின்தட்டின் அடியில் வரிசை எண்ணோடு இன்னொரு ஜோடி எண் இருக்கும், '5 4' என்பது போல. அது ஊசலின் நீளம், பழைய பிரெஞ்சு அங்குலத்தில்: 5 பூஸ், 4 லீன்யு. ஒரு பூஸ் 27.07 மில்லிமீட்டர், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒரு லீன்யு. ஆக 5 4 என்றால் சுமார் 144 மில்லிமீட்டர். இந்தக் கணக்கை வைத்துப் பொருத்தமான ஊசலைத் தேடலாம். ஊசல் இருந்தால் அதன் குண்டிலும் அதே வரிசை எண் குத்தியிருக்கிறதா பாருங்கள், இருந்தால் இரண்டும் பிறந்ததிலிருந்து ஒன்றாக இருப்பவை. எனக்கு இது டயலில் இருக்கும் எந்தப் பெயரையும்விட முக்கியம்.

பொம்மையின் முகமோ கையோ யானைத் தந்தமாக இருந்தால் ஒதுங்குங்கள். 2022 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 1947க்கு முந்தைய பொருளாக இருந்தாலும் தந்தத்தை விற்கச் சான்றிதழ் வேண்டும். எல்லை தாண்டிக் கொண்டுபோவது அதைவிடத் தலைவலி.

சரி, வாங்கிவிட்டீர்கள். தூக்குவதற்கு முன் ஊசலைக் கழற்றிவிடுங்கள். பின்கதவு வழியாகக் கைவிட்டு மெல்ல மேலே தூக்கினால் கொக்கியிலிருந்து வந்துவிடும். ஊசலோடு காரில் ஏற்றினால் அந்த எஃகுத் தகடு முதல் வேகத்தடையிலேயே மடங்கும். கண்ணாடி மூடியைத் தனியாக, நிற்கவைத்து, உள்ளும் புறமும் துணி சுற்றி எடுத்துப் போங்கள். கடிகாரத்தை அடிப்பலகையில் பிடித்துத் தூக்க வேண்டும். கோபுரத்தையோ வீரனின் தோளையோ பிடித்துத் தூக்கினால், கோபுரம் மட்டும் கையோடு வரும்.

வீட்டில் முதல் இரண்டு நாள் சாவி கொடுக்கவே கூடாது. மேசையில் வைத்துப் பாருங்கள், டார்ச் அடித்துப் படம் எடுங்கள், குறிப்பாகக் கப்பலுக்கு அடியில் போகும் கம்பிகளை. எந்தக் கம்பி எந்த நூலோடு, எந்த வளைவில் என்பதெல்லாம் பின்னால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பிறகு நேர ஓட்டத்துக்கு மட்டும் ஐந்தாறு திருகு கொடுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் கிளிக் கிளிக் என்று பல் ஏறுகிறதோ அந்தப் பக்கம். ஒவ்வொரு திருகுக்கும் சாவியை விட்டுவிடாமல், பல் பிடித்ததைக் கேட்டுவிட்டு விடுங்கள். ஸ்பிரிங் திரும்பிச் சுழலாமல் பல்லைப் பிடிக்கும் பழைய நாக்கு தேய்ந்திருந்தால் சாவி எதிர்ப்பக்கம் சுழன்று விரலை உடைக்கும்.

ஓடுகிறதா, காதை வைத்துக் கேளுங்கள். டிக், டாக் இரண்டுக்கும் நடுவே ஒரே இடைவெளி வர வேண்டும். 'டிக்டாக்... டிக்டாக்...' என்று நொண்டினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், பழுது என்று நினைத்து எண்ணெய் தேடாதீர்கள். ஒரு பக்கக் காலுக்கு அடியில் நாணயம் வையுங்கள், சத்தம் சீரானால் காரணம் சாய்வுதான். பிரெஞ்சு எந்திரம் வட்டமானது, பெட்டிக்குள் முன்வளையத்தையும் பின்வளையத்தையும் இரண்டு நீளத் திருகாணிகள் இழுத்துப் பிடித்திருக்கும். அவற்றைக் கொஞ்சம் தளர்த்தி, எந்திரத்தை மொத்தமாக ஒரு மயிரிழை அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ சுற்றி, சத்தம் சீராகும் இடத்தில் இறுக்கிவிடலாம். டயலின் 12 கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்துபோனால் மட்டும் விட்டுவிடுங்கள், ஊசலைத் தள்ளும் கம்பியை வளைக்க வேண்டியிருக்கும், அது கைப்பழக்கம் உள்ளவர் வேலை.

பட்டு நூல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நூல் ஈரத்துக்கு நீளம் மாறும், மழைக்காலத்தில் ஒரு கணக்கு, ஹீட்டர் போட்டால் ஒரு கணக்கு. நிமிடத்துக்கு நிமிடம் சரியாக ஓட வைக்கப் போராடாதீர்கள், நேரம் பார்க்கக் கைபேசி இருக்கிறது. நூல் அறுந்தால் பட்டு நூலே கட்டுங்கள், நைலான் இழுபடும்.

மணி தப்பாக அடிக்கிறது என்றுதான் நிறையப் பேர் கேட்பார்கள். மூன்று மணிக்கு எட்டு அடிக்கும். பழைய பிரெஞ்சுக் கடிகாரங்களில் பின்பக்கம் ஒரு எண்ணும் சக்கரம் இருக்கும், அதன் விளிம்பில் ஒன்றுக்கொன்று இடைவெளி கூடிக்கொண்டே போகும் வெட்டுகள். அதற்கு முள் எங்கே இருக்கிறது என்றே தெரியாது, போன தடவைக்கு அடுத்த எண்ணை அடிக்கும், அவ்வளவுதான். மணி அடிக்கும் ஸ்பிரிங் முன்னால் தீர்ந்துபோனால் இரண்டும் பிரிந்துவிடும். தீர்வு எளிது. பெரிய முள்ளை 12க்குக் கொண்டுபோய் அடிக்க விடுங்கள், எண்ணுங்கள், எட்டு அடித்தால் சின்ன முள்ளை மட்டும் அடிப்பகுதியில் பிடித்து மெல்ல எட்டுக்கு நகர்த்துங்கள். அது வெறும் இறுக்கத்தில் நிற்பது, நகரும். பிறகு பெரிய முள்ளை முன்னோக்கி மட்டும் சுற்றி, ஒவ்வொரு அரை மணியிலும் மணியிலும் நின்று அடிக்க விட்டு, சரியான நேரத்துக்கு வாருங்கள். ஒரே ஒரு அடி விழுந்தால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்: அரை மணிக்கும் ஒன்றுதான் அடிக்கும் என்பதால் பன்னிரண்டரை, ஒன்று, ஒன்றரை என்று மூன்று ஒற்றை அடி வரிசையாக வரும்.

இப்போது கப்பல். என் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கப்பல் ஆடவில்லை, பாட்டு வரவில்லை, ஸ்பிரிங்கில் முழுச் சாவி இருந்தது. அடிப்பெட்டியைத் திறந்தேன். இசைப்பெட்டியில் பித்தளை உருளை, உருளை முழுக்க மயிர் போன்ற முட்கள், அவற்றுக்கு எதிரே எஃகுச் சீப்பு. ஒரு ஓரத்தில் குட்டியாக ஒரு காற்றாடி, அழுக்கில் ஒட்டி நின்றது. அதைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போடலாம் என்று ஒரு திருகாணியைத் தளர்த்தினேன். அந்தக் காற்றாடிதான் ஸ்பிரிங்கின் முழு வேகத்தையும் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது என்பது, தகரத்தில் பொரிகடலையைக் கொட்டியது போல ஒரு சத்தம் கேட்டபோதுதான் புரிந்தது. ஒரு விநாடிகூட ஆகவில்லை. உருளை தலைதெறிக்கச் சுற்றி, முட்கள் சாய்ந்து, சீப்பில் ஏழு பற்கள் பெட்டியின் அடியில் கிடந்தன. அவற்றைப் பொறுக்கித் தீப்பெட்டியில் போட்டு வைத்தேன், இன்னும் இருக்கிறது.

அதனால் இசைப்பெட்டியில் கை வைப்பதற்கு முன் ஸ்பிரிங்கில் இருக்கும் சாவி முழுவதும் இறங்கியாக வேண்டும். பாடும் நிலையில் இருந்தால் பாடவிட்டே தீர்த்துவிடுங்கள், அதுதான் பாதுகாப்பு. பாடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் காற்றாடியையோ சீப்பையோ தொடாமல், தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். கடிகாரப் பக்கத்து ஸ்பிரிங்கையும் அப்படித்தான்: சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு நாக்கைத் தூக்கி, கைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். இதற்கென்று உருண்டைப் பிடி போட்ட கருவி விற்கிறார்கள், அது இல்லாமல் முயல வேண்டாம்.

சாவி இறங்கியபின் கப்பலைக் கவனிக்கலாம். கப்பல் ஒரு கம்பியின் நுனியில் நிற்கிறது, கம்பி துணிக்கடலில் இருக்கும் கிழிசல் போன்ற வாயிலாகக் கீழே இறங்கி நெம்புகோலில் சேர்கிறது. விரலால் தொட்டால் தானாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: துணி விறைத்துக் கம்பியைப் பிடித்திருக்கும், இணைப்பு நூல் அறுந்திருக்கும், யாரோ பாசத்தோடு விட்ட எண்ணெய் பசையாகியிருக்கும். துணியை நனைக்கவே கூடாது, வர்ணம் நீர்வர்ணமாக இருந்தால் கடலே கரையும். காய்ந்த மெல்லிய தூரிகையால் கம்பியைச் சுற்றித் தூசியைத் தட்டினாலே பாதிக் கப்பல்கள் எழுந்துவிடும். நூல் அறுந்திருந்தால் அதே பருமனில் கட்டலாம், ஆனால் பழைய முடிச்சின் நீளத்தை அளந்த பிறகு.

தூசி தட்டும்போது கையுறையும் முகமூடியும் போடுங்கள். மிகைப்படுத்தவில்லை. பாறையில் ஒட்டியிருக்கும் செடிகள் பளிச்சென்று பச்சையாக இருந்தால், அந்தக் காலத்துச் செயற்கை இலைகளுக்குப் பூசிய பச்சையில் ஆர்செனிக் இருக்கலாம். எலி மருந்தாகவும் அதே பச்சையைப் பயன்படுத்தினார்கள்.

அருவி இருக்கும் கடிகாரம் என்றால், அது தண்ணீர் அல்ல, முறுக்கிய கண்ணாடிக் குச்சி. மெதுவாகச் சுற்றும்போது நீர் இறங்குவது போலத் தெரியும். இரு நுனியும் ஒட்டியிருக்கும் இடத்தில் பசை காய்ந்து கழன்றிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், விரலால் சுற்றிப் பார்க்காதீர்கள்.

சுத்தம் செய்வது பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இது குத்துவிளக்கு அல்ல, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளைப் பாலிஷும் கூடாது. பழைய வெண்கலச் சிலைகளில் தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கிய முலாம் இருக்கும், அதைச் செய்த தொழிலாளிகளின் உடம்பை அது தின்றது. முகம் மங்கலாகவும் ஆடை மடிப்புகள் பளபளப்பாகவும் வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். ஒரு தேய்ப்பில் அந்த வித்தியாசம் போய்விடும், திரும்ப வராது. மலிவானவை துத்தநாகக் கலவை, மேலே மெல்லிய பூச்சு. அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கீறல் இருந்தால் பாருங்கள், மஞ்சளாக இருந்தால் வெண்கலமோ பித்தளையோ, சாம்பலாக இருந்தால் துத்தநாகம். இரண்டுக்கும் காய்ந்த மெல்லிய தூரிகை மட்டும்.

எண்ணெய்: சக்கரங்களின் அச்சு தட்டில் நுழையும் குழிகளில், ஊசிமுனை அளவு, கடிகார எண்ணெய் மட்டும். சக்கரப் பற்களில் கூடாது, கம்பிகளில் கூடாது, கப்பலில் கூடவே கூடாது. தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், துரு எடுக்கும் ஸ்பிரே எல்லாம் அலமாரியிலேயே இருக்கட்டும். அழுக்கு எந்திரத்தில் எண்ணெய் விட்டால் அது தூசியோடு குழைந்து அரைமாவாகி, அச்சைத் தேய்க்கும்.

பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது "கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். கடிகாரம் தெரிந்தவர் எல்லோருக்கும் இசைப்பெட்டி தெரியாது, இசைப்பெட்டி தெரிந்தவர் துணிக்கடலைத் தொட மாட்டார். ஒருவரிடம் நான் கொடுத்தது புத்தம்புது நீல நைலான் கடலோடு திரும்பி வந்தது, பழையதைக் குப்பையில் போட்டுவிட்டாராம். கழற்றிய எதையும் எறியக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெரிய ஆட்களும் இந்த வேலையைச் செய்தவர்கள்தான்: கடிகாரத் தொழிலிலிருந்து மாயவித்தைக்குப் போன ரொபேர் ஊதேன், மரி அந்துவானெத்திடம் இருந்த, தந்தி வாத்தியம் வாசிக்கும் பொம்மையை 1864இல் பழுதுபார்த்தார். அந்தப் பொம்மை இப்போது பாரிஸில் கலை மற்றும் கைவினை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது போன்ற ஒன்று வைத்திருப்பவர் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

வைக்கும் இடம்: ஹீட்டருக்கு மேல் வேண்டாம், வெயில் படும் ஜன்னல் வேண்டாம், இன்றைக்கும் நெருப்பு எரியும் கணப்படுப்பின் மேல் நிச்சயம் வேண்டாம். கண்ணாடி மூடி உட்காரும் பள்ளத்தைச் சுற்றி வெல்வெட் போன்ற கயிறு இருந்தால் எடுத்துவிடாதீர்கள், தூசியைத் தடுப்பது அதுதான். இல்லையென்றால் வாங்கிச் சுற்றுங்கள்.

எட்டு நாள் ஓடும் கடிகாரத்துக்கு வாரம் ஒருமுறை சாவி, ஒரே கிழமையில். எங்கள் வீட்டில் ஞாயிறு காலை. பாட்டுக்கு மாதம் ஒருமுறை போதும், அதுவும் ஆறேழு திருகு. விருந்தாளி வந்தார், குழந்தை கேட்டது என்று நாளெல்லாம் கயிற்றை இழுக்காதீர்கள். பாட்டு நடுவில் நின்றுபோனால் இன்னும் இரண்டு திருகு கொடுத்து, அது தானாக முடிந்து நிற்கும் இடம்வரை விட்டுவிடுங்கள், ஏனென்றால் பாதியில் நின்ற உருளையின் முட்கள் சீப்புப் பற்களைத் தூக்கிப் பிடித்தபடியே அடுத்த மாதம் வரை நிற்கும்.